பாதி கன்று பழுப்பு: ஸ்ப்ரூஸ் நடவும் மைனஸ் 30-ம்

2019 ஜூன் 3, கேள்வி

பின்லாந்தில் கயானிக்குப் பக்கத்தில் வீடு வாங்கினோம். பின்னால் மரம் வெட்டிய காடு, ஒரு ஏக்கர் இருக்கும். போன செப்டம்பரில் முழங்கால் உயர ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) கன்று 60 வாங்கி நட்டோம். பனி உருகியதும் போய்ப் பார்த்தால் பாதி கன்று பழுப்பாகிவிட்டது. மைனஸ் 30 போகிற ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது? இங்கே நடுவதே வீண்வேலை, தானாக முளைப்பது முளைக்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான் என்று தோன்றுகிறது. நட்டுப் பிழைக்க வைத்தவர்கள் யாராவது உண்டா?

2019 ஜூன் 5

உண்டு. நான் இருப்பது ஓலுவில். மாமனாருக்குக் கைனூவில், புவோலங்கா பக்கம், 2.3 ஹெக்டேர் வெட்டிய காடு. போன ஜூனில் அதில் ஒரு பகுதியை நான் நட்டேன், மிச்சத்தைக் கூலிக்கு ஒருவர் வந்து நட்டார். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: குளிர்காலக் குளிர் ஸ்ப்ரூஸைக் கொல்லாது.

ஆகஸ்டில் இரவு நீளத் தொடங்கியதும் கன்று வளர்வதை நிறுத்தி மொட்டு கட்டிவிடும். அப்புறம் படிப்படியாகக் குளிர் தாங்கும் உரம் ஏறும். ஜனவரியில் மைனஸ் 40 வந்தாலும் ஊசிக்கு ஒன்றும் ஆகாது. வேர் அவ்வளவு தாங்காதுதான், ஆனால் அதன்மேல் அரை மீட்டர் பனி கம்பளி மாதிரி கிடக்கிறது. நாற்றங்காலில் இந்தக் குணத்தை வைத்தே வேலை செய்கிறார்கள். நடுக்கோடையில், இருட்டே வராத நாட்களில், கறுப்புத் திரையை இழுத்துவிட்டுச் சுமார் மூன்று வாரம் போலி இரவு காட்டுவார்கள். இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று நம்பிக் கன்று மொட்டு கட்டும். பிறகு அட்டைப்பெட்டியில் அடைத்து மைனஸ் 3 போல ஒரு கிடங்கில் வசந்தம் வரை உறங்கவிடுவார்கள். எனக்கு வந்தவை அப்படி உறைந்து வந்தவைதான். பெட்டியைத் திறந்தபோது மீன் கடை நினைவு வந்தது.

உங்கள் கன்றுக்கு வேறென்னமோ நடந்திருக்கிறது. செப்டம்பரில் நட்டது ஒரு தப்பு. மண் குளிர்ந்த பிறகு வேர் நகராது. முழங்கால் உயரம் இன்னொரு தப்பு. அது தோட்டத்துக்குச் சரி, காட்டுக்குச் சாண் உயரம் போதும். <s>பழுப்பானதை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த ஜூனில் புதிதாக நடுங்கள்.</s>

2019 ஜூன் 6

விட்டுப்போனது. விதை எந்த ஊர் என்று கேட்டீர்களா? மொட்டு கட்ட எவ்வளவு நீள இரவு வேண்டும் என்பது பரம்பரையாக வருவது. தெற்கத்தி மரம் இன்னும் நீண்ட இரவுக்குக் காத்திருக்கும். இந்த ஊரில் அது வந்து சேருவதற்குள் உறைபனி வந்துவிடும். பார்க்க இரண்டும் ஒரே ஸ்ப்ரூஸ்தான், கடைக்காரர் சொன்னால்தான் தெரியும்.

2019 ஜூன் 17

நேற்று இரவு ஹல்லா.

இந்த ஊர்க்காரர்கள் குளிரை ஒரே பெயரில் திட்டுவதில்லை. சுழியத்துக்குக் கீழே போனால் பக்கனென். அதுவே பயிர் வளரும் பருவத்தில் இரவில் வந்து அடித்துவிட்டுப் போனால் ஹல்லா. மாமனார் பக்கனெனைப் பற்றிப் பேசும்போது பெருமையாகப் பேசுவார், ஹல்லா என்று சொல்லும்போது குரலை இறக்கிவிடுவார். ஜனவரியில் மைனஸ் 40 தாங்கிய அதே கன்று, ஜூனில் மொட்டு விரிந்து இளந்தளிர் விட்ட பிறகு மைனஸ் 4-க்கே சுருண்டுவிடும்.

வானம் தெளிந்து காற்றில்லாத இரவில் தரை வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே வழிந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் காட்டின் வடகிழக்கு மூலை அப்படி ஒரு தாம்பாளம். நேற்று நெஞ்சுயரத்தில் ஒரு வெப்பமானி, புல் மட்டத்தில் ஒன்று கட்டிவிட்டு வந்தேன். மேலே பிளஸ் 1, கீழே மைனஸ் 5. காலையில் அந்த மூலையில் உள்ள தளிரெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி தொங்கியது. சாயங்காலத்துக்குள் காபிப்பொடி நிறம். மேட்டில் இருந்தவற்றுக்கு ஒன்றுமில்லை.

2019 ஜூன் 18

வெப்பமானிகளைப் பற்றி ஒரு திருத்தம். இரண்டையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு டிகிரி வித்தியாசம் காட்டுகின்றன. ஆகவே மைனஸ் 5 என்பதை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். தளிர் செத்ததில் மாற்றமில்லை.

பிர்ச் நிழலில் நடலாமே என்று கேட்டவருக்கு: ஆமாம், பழைய வழி அதுதான். மேலே பிர்ச் குடை இருந்தால் தரையின் வெப்பம் அவ்வளவு சீக்கிரம் வானத்துக்குத் தப்பாது. எங்கள் மூலையில் இருந்த பிர்ச்சுகளை வெட்டியது யார் என்ற பேச்சு வீட்டில் எடுக்கப்படுவதில்லை.

2019 ஜூலை 2

கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். தமிழ் என்னைக் கவிழ்த்துவிட்டது.

"பாதி கன்று பழுப்பு" என்றால் 60-ல் 30 செத்தது என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது ஒவ்வொரு கன்றிலும் மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி பச்சை. கோடு போட்டு வெட்டினாற்போல ஒரே உயரத்தில். இது வேறு கதை. அந்தக் கோடுதான் பனியின் மட்டம்.

மார்ச், ஏப்ரலில் வெயில் நன்றாக அடிக்கும், காற்று வறண்டிருக்கும். பனிக்கு மேலே நிற்கும் ஊசி விழித்துக்கொண்டு நீரை விட ஆரம்பிக்கும். கீழே மண் இன்னும் கல்லாக உறைந்து கிடக்கிறது, வேரால் ஒரு சொட்டு ஏற்ற முடியாது. தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தில் காய்கிறது. அந்த வசந்தகால வறண்ட காற்றுக்கு இங்கே அஹவா என்று பெயர். சாண் உயரக் கன்று பனிக்குள் பத்திரமாக இருந்திருக்கும், உங்களுடையது எட்டிப் பார்த்தது. செப்டம்பரில் நட்டதால் வேரும் ஊன்றவில்லை.

ஆக, குளிர் கொல்லாது என்று நான் அடித்துச் சொன்னது பாதி சரி. எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

2019 செப்டம்பர் 22

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், உபதேசம் மட்டும் செய்வது நன்றாக இல்லை. நான் நட்ட பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று போய்விட்டது. காரணம் தெளிவு: 2018 கோடை. மே மாதமே வெயில் கொளுத்தியது, ஜூலையில் நாடு முழுக்க வறட்சி. நட்ட முதல் கோடையில் கன்றுக்கு வேர் என்பது நாற்றங்காலிலிருந்து கூடவே வரும் பீட் (மக்கிய பாசி) கட்டிக்குள் இருப்பது மட்டும்தான். பீட் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றினாலும் ஏற்காது, மெழுகு பூசியது போல உருண்டு ஓடும். வருணன் கைவிட்டான், அவ்வளவுதான்.

2020 மே 24

வருணனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மேலே செப்டம்பரில் எழுதியதை மாமனாரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ அந்த ஆள் நட்டது ஏன் சாகவில்லை?" கூலிக்கு வந்தவர் நட்டதும் அதே வாரம், அதே பெட்டிகள், அதே வெயில். அவர் பகுதியில் செத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

எனவே நேற்று மண்வெட்டியோடு போய் என் பக்கத்தில் செத்த கன்றுகளைத் தோண்டினேன். பதினான்கு தோண்டினேன். முதலாவது தோண்ட வேண்டியிருக்கவே இல்லை, உச்சியைப் பிடித்து இழுத்ததும் கட்டியோடு கையில் வந்துவிட்டது, இட்லித் தட்டிலிருந்து இட்லி எடுத்த மாதிரி. இரண்டு வருஷம் ஆகியும் நாற்றுத்தட்டின் குழி வடிவம் அப்படியே இருந்தது. பக்கவாட்டில் தட்டின் வரிகள்கூட அழியவில்லை. ஒரு வேர் நுனியும் வெளியே போகவில்லை. கட்டியின் அடியில் காலியிடம், என் கட்டைவிரல் முழுசாக உள்ளே போயிற்று.

நடந்தது இதுதான். நடுவதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் பொக்லைன் வந்து மேடு போட்டுவிட்டுப் போனது. வாளியால் புல்லும் பாசியும் சேர்ந்த மேல்தோலை அள்ளி, தோசை திருப்புவது போலக் கவிழ்த்துப் போடும். இப்போது மேலே கனிமமண் (மக்கு கலக்காத அடிமண்), அதற்குக் கீழே மக்கு (மக்கிய இலைதழை) இரண்டு அடுக்கு, முகத்தோடு முகம் பார்த்து. கன்றின் கட்டி மேல்மண்ணைத் தாண்டி அந்த இரட்டை மக்குக்குள் இறங்கி உட்கார வேண்டும். ஈரமும் சத்தும் அங்கேதான் இருக்கின்றன. நான் குழாயை ஆழமாக இறக்கவில்லை. கட்டி மேல்மண்ணிலேயே நின்றுவிட்டது. சில இடங்களில் கவிழ்த்த தோல் வெட்டிய கிளைக் குப்பைமேல் விழுந்து கீழே பொந்தாக இருந்தது. அதையும் நான் மிதித்துப் பார்க்கவில்லை.

ஆழம் குறைந்ததற்கு என் பக்கம் ஒரு நியாயம் உண்டு. சின்ன வயதில் அப்பா ஒட்டுமாங்கன்று நடும்போது "கழுத்தை மூடாதே, ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியணும்" என்று சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறிவிட்டது. இங்கே சட்டம் தலைகீழ். மேட்டில் ஸ்ப்ரூஸை நட்டால் கட்டியின் தலைமேல் 5 சென்டிமீட்டராவது மண் வேண்டும். தண்டில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனாலும் மோசமில்லை. கட்டி மேலே தெரிந்தால் அது விளக்குத்திரி போல ஈரத்தை இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். நுண்மண்ணாக இருந்தால் இன்னொரு ஆபத்து: இலையுதிர்காலத்தில் மண்ணின் ஈரம் ஊசி ஊசியாக உறைந்து எழும்பும், கூடவே கன்றையும் தூக்கும். பகலில் உருகும்போது மண் இறங்கும், கன்று இறங்காது. சில வாரத்தில் வேரோடு வெளியே படுத்துக் கிடக்கும். அந்த ஊசி உறைவுக்கு ரௌஸ்தே என்று பெயர். பதினான்கில் இரண்டு அப்படிப் போனவை.

வறட்சி இருந்தது உண்மை. ஆனால் அது வந்து கேட்டபோது கதவைத் திறந்து வைத்திருந்தது நான்.

2020 மே 25

குழாய் எதைச் சொல்கிறேன் என்று கேட்கிறார்கள். பொட்டிபுட்கி. பின்லாந்துக்காரர்களின் கண்டுபிடிப்பு. இடுப்புயர உலோகக் குழாய், நுனியில் கொக்கின் அலகு. மண்ணில் குத்தி, காலால் மிதியை அழுத்தினால் அலகு திறக்கும். மேலிருந்து கன்றைப் போட்டால் குழிக்குள் இறங்கி நிற்கும். குழாயைத் தூக்கிவிட்டுப் பக்கத்தில் ஒரு மிதி. குனியவே வேண்டாம். புட்கி என்றால் குழாய். பொட்டி என்றதும் கன்று கொண்டுவரும் பெட்டி என்று நினைத்து, முதல் நாள் மாமனார் கேட்டபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அலகின் ஆழத்தைத் திருகி மாற்றலாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். சொன்னார்கள். கொசு காதில் பாடிக்கொண்டிருந்தது.

2020 ஜூன் 9

"மேடு போடாமல் அப்படியே நட்டால் என்ன, பொக்லைன் வாடகை மிச்சம்தானே?" நட்டுப் பாருங்கள். பாசிக்கு அடியில் மண் ஜூனிலும் குளிர்ந்தே இருக்கும், வேர் சோம்பிக் கிடக்கும். மேடு வெயிலில் சீக்கிரம் சூடேறும், நீர் தேங்காது. வெறும் மண் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தரும், ஆகவே ஹல்லாவும் கொஞ்சம் விலகும். புல் வந்து மூட இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதற்குள் கன்று தலை தூக்கிவிடும்.

அப்புறம் அந்த வண்டு. நீள மூக்கு, பழுப்பு உடம்பில் மஞ்சள் திட்டு. வெட்டிய அடிமரத்தின் பிசின் வாசனைக்கு எங்கிருந்தோ வந்து சேரும், அடிமர வேரில் முட்டையிடும். பொழுதுபோக்காகப் பக்கத்தில் நட்ட கன்றின் பட்டையைச் சுற்றிக் கடிக்கும். வளையமாகக் கடித்துவிட்டால் கன்று காலி. இதற்குப் பின்னிஷில் துக்கிமியெஹென்தை என்று பெயர், "மரம் வெட்டும் ஆளின் பேன்". கன்றைச் சுற்றி ஒரு சாண் வெறும் கனிமமண் இருந்தால் அது தங்காது, ஒளிய இடமில்லாமல் வேகமாகக் கடந்து போய்விடும். புல்லோ மக்கோ தண்டைத் தொட்டால் உட்கார்ந்து சாப்பிடும். தெற்கே இது பெரிய தலைவலி. எங்கள் காட்டில் நாலைந்து கன்றில்தான் கடி பார்த்தேன்.

2021 ஏப்ரல் 30

பைன் நட்டவர்களுக்குத் தனியாக. ஸ்ப்ரூஸ்காரனான எனக்குப் பைன் வைத்தவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாக இருக்கும். பனிக்கடியில் லுமிகரிஸ்தே பூஞ்சை, ஊசி சாம்பல் நிறமாகிவிடும். பக்கத்தில் ஆஸ்பென் மரம் நின்றால் அதிலிருந்து துருநோய் வந்து தளிரை எஸ் வடிவில் முறுக்கும். எல்லாம் தப்பி வந்தால் குளிர்காலத்தில் மூஸ் (பெரிய மான்) வந்து உச்சியைக் கடித்துவிட்டுப் போகும். ஸ்ப்ரூஸை மூஸ் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் பனிக்கடியில் ஓடும் குட்டிவால் எலி இரண்டையும் விடாது, மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை பெருகி அடிப்பட்டையைக் கொறிக்கும்.

எதை நடுவது என்று தரையே சொல்லும். செடிகொடியைப் பார்த்துக் காட்டின் வளத்தைச் சொல்லும் முறையை 1909-ல் கயாண்டர் என்பவர் வகுத்தார், இன்றும் அதுதான் பாடம். லிங்கன்பெரியும் குரோபெரியும் அதிகமென்றால் வறண்ட மண், பைன். பில்பெரியும் தடித்த பாசியும் என்றால் ஸ்ப்ரூஸ். 1939-ல் சோவியத் படை எல்லை தாண்டியபோது பின்லாந்தின் பிரதமர் இதே கயாண்டர்தான். பாசி பார்த்த கண் அரசியலுக்கு எப்படியென்று மாமனாரிடம் கேட்டால் அன்றைய காபி ஆறிப்போகும்.

2021 ஆகஸ்ட் 15

முதல் கேள்விக்கே திரும்புகிறேன், "தானாக முளைக்க விட்டால் என்ன". இரண்டு வருஷமாக அதற்கு நேர்ப்பதில் சொல்லாமல் நழுவியிருக்கிறேன்.

பைனுக்கு அது நல்ல யோசனை. வறண்ட மண்ணில் விதைமரம் சிலவற்றை நிறுத்தி, தரையைக் கீறிவிட்டால் போதும், அல்லது கீறலில் விதையைத் தூவலாம். கைனூவிலும் லாப்லாந்திலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரே சிக்கல், பைன் விதை முற்ற இரண்டு கோடை வேண்டும், வடக்கே போகப் போக நல்ல விதை ஆண்டு அரிது.

ஆனால் உங்கள் படத்தில் தரை முழுக்கக் குரோபெரி. ஸ்வீடனின் உமேயோவில் ஆராய்ந்தவர்கள் கண்டது: இதன் இலையிலிருந்து படாட்டாசின் என்ற பொருள் மழையில் கரைந்து மண்ணில் இறங்கி, விதை முளைப்பதையும் நாற்றின் வேரையும் அமுக்குகிறது. முன்பெல்லாம் காட்டுத்தீ வரும், அது விட்டுப்போகும் கரித்துண்டு அந்த நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும், நாற்று பிழைக்கும். தீயை அணைக்கக் கற்றுக்கொண்டோம், கரி போயிற்று. வசந்தகாலச் சுத்தத்தில் குளியல் அடுப்புக் கரியைக் கொட்டலாமா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே என் மூன்று கன்றுகளுக்குக் கொட்டிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்று கன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கை கறுத்ததுதான் மிச்சம்.

எங்கள் பக்கம் தானாக முளைத்தது ஒன்றே ஒன்று. பிர்ச். பொக்லைன் திறந்துவிட்ட மண்ணை அதற்கென்றே போட்ட படுக்கை என்று எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் வந்துவிட்டது. அடுத்த கோடை முழுக்க அறுப்பு வேலை இருக்கிறது.

2022 ஜூலை 10

அறுத்துக்கொண்டிருக்கிறேன். மாமனார் 1970களில் நட்ட பைன் ஓரத்தில் நிற்கிறது, அடிமரம் எல்லாம் வாள்போல வளைந்து. காகிதக் குவளை நாற்று. ஜப்பானில் சர்க்கரை பீட்ரூட் நாற்றுக்காக வந்த உத்தி, பைனுக்கும் நல்லது என்று இங்கே எல்லோரும் பாய்ந்தார்கள். வேர் குவளைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு, பிறகு வெளியே போனாலும் அந்தச் சுருளை மறக்கவில்லை. மரம் பெரிதானதும் காற்றுக்குச் சாய்கிறது. நாற்பது வருஷம் கழித்துத்தான் முழுசாகத் தெரிகிறது. இப்போதைய தட்டின் குழிச்சுவரில் வரியும் பிளவும் இருப்பது வேர் சுற்றாமல் இருக்கத்தான். 2020 மே குறிப்பில் இட்லியில் பார்த்த வரி அதுதான்.

2024 ஜூன் 16

எண்ணியாயிற்று. 3.99 மீட்டர் கயிற்றை நடுவில் ஒரு குச்சியில் கட்டிச் சுற்றி வந்தால் 50 சதுர மீட்டர் வட்டம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கன்றும் ஹெக்டேருக்கு 200. கூலிக்காரர் பகுதியில் வட்டத்துக்கு எட்டு, ஒன்பது. ஹெக்டேருக்கு 1800 நட்ட இடத்தில் அது அபார வேலை. என் பகுதியில் 2020-ல் மறுநடவு செய்த பிறகும் ஏழுதான். ஹல்லா மூலையில் மூன்று. அந்த மூன்றும் பிர்ச் அடியில் தப்பியவை, நான் அறுக்க மறந்த பிர்ச்.

மேட்டில் இருப்பவை என் தோளுக்கு வந்துவிட்டன. மூலையில் உள்ளவை இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை, பல தடவை தளிர் கருகி, புதர் மாதிரி அகலமாக.

2024 ஜூன் 20

கேட்டவர் இன்று இன்னொரு படம் அனுப்பினார். அதே 60. பழுப்பான மேல்பாதியை அவர் வெட்டவுமில்லை, பிடுங்கவுமில்லை, வேலைப்பளுவில் அப்படியே விட்டுவிட்டாராம். பனிக்கடியில் பச்சையாக இருந்த பக்கக்கிளை ஒன்று மெல்ல மேலே திரும்பி நிமிர்ந்து, இப்போது அதுதான் உச்சி. காய்ந்த பழைய உச்சி பக்கத்தில் சாம்பல் குச்சியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 49 இருக்கிறதாம்.

2019 ஜூன் 5 குறிப்பில் பிடுங்கிப் போடச் சொன்ன வரியை அடித்துவிட்டேன்.